சொம்பில் விழுந்த ஹேண்டில்

எங்கள் பஜனை கோஷ்டியில் என்னிடம் ஒப்படைத்திருந்த வேலை தாளம் தட்டுவது. ஒரு வருஷம் என்னைப் பாடவிட்டுப் பார்த்தார்கள். அடுத்த வருஷம் யாரும் எதுவும் சொல்லாமல் ஒரு ஜோடி தாளத்தைக் கையில் கொடுத்துவிட்டார்கள். தாளம் தட்டுகிற நேரம் போக மீதி நேரத்தில் எல்லோரையும் சிரிக்க வைப்பதும் என் பொறுப்பு. மார்கழியில் விடிவதற்கு முன்னால் எழுந்து, பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு, நடுங்கிக்கொண்டே தெருத்தெருவாகப் பாடிப் போகிறவர்களுக்குச் சிரிக்க ஏதாவது வேண்டும். அதற்கு நான் இருந்தேன். கோமாளிக்குக் கிடைக்கிற மரியாதை எனக்கும் கிடைத்தது. அதில் எனக்குக் குறையொன்றும் இல்லை, அந்த மார்கழி வரைக்கும்.

தொழில், ஜெனரேட்டர் வாடகை. சிம்மக்கல்லில் ஒரு சந்துக்குள் வீடு. கீழே கொட்டகையில் ஜெனரேட்டர், மேலே நானும் மனைவியும். இரண்டாயிரங்களின் கடைசிப் பக்கம் மதுரையில் கரண்ட் போகாத நாளே கிடையாது. சந்து முழுக்க மொத்தக் கடைகள். கரண்ட் போனதும் ஒவ்வொரு கடைக்கும் ஒரு வயர் இழுத்து லைன் கொடுப்பேன், இத்தனை ட்யூப்லைட், இத்தனை ஃபேன் என்று கணக்கு. கல்யாணம், கட்சிக் கூட்டம் என்றால் அதையே ஒரு குட்டியானை வண்டிக்குப் பின்னால் கட்டிக்கொண்டு போவோம். ஊரே "போச்சுடா!" என்று தலையில் கை வைக்கிற நேரத்தில் ஒரே ஒருவன் சட்டையை மாட்டிக்கொண்டு உற்சாகமாக மாடிப்படி இறங்கினால், அது நான்தான்.

அது பழைய மாடல். பட்டனை அமுக்கினால் ஓடாது. முன்பக்கம் இரும்பு ஹேண்டிலைச் சொருகி, கிணற்றில் நீர் இறைக்கிற மாதிரி சுற்ற வேண்டும். நாலு சுற்றில் இருமும், ஐந்தாவது சுற்றில் கறுப்பாக ஒரு புகை விட்டுவிட்டு ஓட ஆரம்பிக்கும். அந்தப் புகை நேராக எங்கள் மாடி ஜன்னலுக்குத்தான் போகும். என் மனைவிக்கு இழுப்பு உண்டு. கல்யாணம் ஆன புதிதில் மழைக்காலத்தில் மட்டும் வந்தது. பிறகு எல்லாக் காலத்திலும் வந்தது. வாயில் அடித்துக்கொள்கிற மருந்து பஃப் இல்லாமல் அவள் அடுத்த அறைக்குக்கூடப் போக மாட்டாள். "புகையில்லாத இடமாப் பாத்து வீடு மாறுங்க" என்று டாக்டர் சொன்னபோது, "வீடு மாறினாலும் புகையும் கூடவே வரும் டாக்டர், அதுக்கு நான்தான் ஓனர்" என்றேன். டாக்டர் சிரித்தார். அவள் சிரிக்கவில்லை. சிரித்தால் அவளுக்கு இருமல் வரும், அதனால்தான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எங்கள் வீட்டில் சௌராஷ்டிரத்தில்தான் பேசுவோம். இங்கே அவள் பேசினதையெல்லாம் தமிழில் எழுதுகிறேன். அவள் பாஷையில் இருந்த காரம் தமிழில் கொஞ்சம் குறைந்திருக்கும். எனக்கும் அதுதான் நல்லது.

கோஷ்டியில் முன்னால் நின்று பாடுகிறவன் என் வகுப்புத் தோழன். பேங்கில் வேலை. எதையும் நிஜமாகவே நம்புகிற ஆள். அந்த வருஷம் கார்த்திகையில், காளவாசல் பக்கம் ஒரு சர்ச் ஹாலில் எல்லா மதத்துக்காரர்களையும் கூப்பிட்டு ஒரு கூட்டம் போட்டார்கள். எங்கள் பஜனை மடத்தின் சார்பில் இவன் போய்விட்டு நேராக என் கொட்டகைக்கு வந்தான். கரண்ட் இல்லாத நேரம். ஜெனரேட்டர் சத்தத்தில் கத்தித்தான் பேச வேண்டியிருந்தது.

"மாப்ள, தெனமும் காலையில சூரியனைக் கும்புடுறோம்ல?"

"நீ கும்புடுற. நான் அந்நேரம் தூங்குறேன்."

"கும்புட்டுட்டு வந்து என்ன பண்றோம்? டீசலை ஊத்தி எரிக்கிறோம். மழை தப்புது, வெயில் வருஷா வருஷம் ஏறுது, ஆத்துல மணலும் இல்ல தண்ணியும் இல்ல. ஃபாதர் பைபிள்ல இருந்து எடுத்துச் சொன்னாரு, ஹஜ்ரத் குர்ஆன்ல இருந்து சொன்னாரு. என் முறை வந்துச்சு. எனக்கு வெக்கமாப் போச்சுடா."

"பேங்க்ல ஃபேனுக்கடியில உக்காந்திருக்கிற ஆளுக்கு எதுக்குடா வெக்கம்?"

"உன்னை நெனைச்சேன்."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை. விஷயம் இதுதான். எல்லா மதத்துக்காரர்களும் சேர்ந்து எம்.பி.யிடம் ஒரு மனு கொடுக்கப் போகிறார்கள். பார்லிமென்ட்டில் சட்டம் கொண்டுவர வேண்டும்: நாட்டில் எடுக்கிற கரண்ட்டில் ஒரு பங்கு கண்டிப்பாகச் சூரியனிலிருந்தும் காற்றிலிருந்தும்தான் எடுக்க வேண்டும், அந்தப் பங்கு வருஷா வருஷம் ஏற வேண்டும், நிலக்கரியும் டீசலும் குறைய வேண்டும், மாறுகிறவர்களுக்கு அரசாங்கம் கை கொடுக்க வேண்டும்.

"சர்ச்சுல ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சு கையெழுத்து வாங்குறாங்க. பள்ளிவாசல்ல வெள்ளிக்கெழமை வாங்குறாங்க," என்றான். "நம்மகிட்ட மார்கழி இருக்குடா."

மார்கழி என்றால் உஞ்சவிருத்தி. பித்தளைச் சொம்புக்குச் சந்தனம் பூசிப் பூச்சுற்றி, அதை ஏந்திக்கொண்டு வீடு வீடாகப் பாடிப் போய் அரிசி வாங்குவது. பிச்சைதான், ஆனால் சாமி பெயரில் எடுக்கிற பிச்சை. சொம்பில் விழுந்தது எதுவானாலும் வேண்டாம் என்று சொல்லக்கூடாது. விழுந்ததைத் திருப்பிக் கொடுக்கவும் கூடாது. அது சாமிக்குப் போய்ச் சேர்ந்தது. எங்கள் மடத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. யாருடைய தெருவோ அந்தத் தெருவில் அவர்தான் சொம்பைத் தூக்க வேண்டும். தெரியாத தெருவில் பிச்சை எடுப்பது சுலபம், தெரிந்தவர்கள் முன்னால் எடுத்தால்தான் கர்வம் போகும் என்பார்கள். அந்த வருஷம் அரிசி வாங்கின கையோடு மனுவையும் நீட்டி ஒரு கையெழுத்து வாங்குவது என்று மடத்தில் முடிவானது.

முடிவானதும் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

"மொதக் கையெழுத்து நீ போடு மாப்ள," என்றான் தோழன்.

"நான் எப்பவும் லாஸ்ட் பெஞ்சுதானடா. கடைசியாப் போடுறேன்."

மிருதங்கக்காரர் பின்னாலிருந்து குரல் கொடுத்தார். "அவரு எப்படிண்ணே போடுவாரு? கசாப்புக் கடைக்காரன் சைவ மாநாட்டுக்குத் தலைமை தாங்குற மாதிரில்ல இருக்கும்?"

எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவன் நான். காது மட்டும் சூடாக இருந்தது.

மார்கழி பிறந்தது. மற்றத் தெருக்களில் தாளம் தட்டிக்கொண்டு ஓரமாக ஒளிந்துகொள்ள முடிந்தது. எங்கள் சந்து வந்த அன்றைக்கு முடியவில்லை. சொம்பு என் கழுத்தில் தொங்கியது. பழக்கமான மொத்தக் கடைக்காரர் ஒருவர் அரிசியைப் போட்டுவிட்டு, மனுவைக் கண்ணாடி போட்டுப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏண்ணே, டீசல் புகை கூடாதுன்னு போட்டிருக்கு?"

"ஆமாண்ணே."

"போட்டிருக்கிறதைக் கொண்டாந்தது நீங்க?"

"சாமி கொண்டாந்திருக்குண்ணே. நான் சொம்பு தூக்குறவன்."

"அப்ப நாளைக்கு எனக்கு லைன் சாமி குடுக்குமா, நீங்க குடுப்பீங்களா?"

சிரித்துக்கொண்டேதான் கையெழுத்துப் போட்டார். எல்லா வீட்டிலும் கொஞ்சம் வித்தியாசத்தோடு இதே பேச்சுதான். கோலம் போட்டுக்கொண்டிருந்த ஒரு பெண், நிமிராமலே, "உங்க மெஷினு கையெழுத்துப் போட்டுச்சாண்ணே?" என்று கேட்டாள். நான் அடிக்க வேண்டிய ஜோக்கையெல்லாம் அன்று மற்றவர்களே அடித்துச் சிரித்துக்கொண்டார்கள்.

எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தோம். தன் வீட்டு வாசலில் தானே பிச்சைக்காரனாக நிற்பது ஒரு மாதிரியான அனுபவம். உள்ளே போய்ச் செருப்பைக் கழற்ற வேண்டும் என்று கால் சொல்லும். நிற்க வேண்டும் என்று சொம்பு சொல்லும். பாட்டு முடிந்தது. மனைவி விளக்கோடு கீழே வந்தாள். சொம்பில் அரிசி போட்டாள். மனுவை வாங்கி, அதில் இருந்த பெயர்களையெல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டுத் தன் பெயரை எழுதினாள். பிறகு எங்கள் பாஷையில் கேட்டாள்.

"உங்க பேரு எங்க?"

"கடைசில போடலாம்னு..."

"சொம்பைப் பிடிங்க."

பிடித்தேன். கொட்டகைக்குள் போனாள். திரும்பி வந்து, முந்தானையால் துடைத்து, ஜெனரேட்டர் ஹேண்டிலைச் சொம்புக்குள் வைத்தாள். வைத்தாள் என்று நாகரிகமாகச் சொல்கிறேன். கணீரென்று விழுந்தது. சொம்பைவிட ஹேண்டில் பெரியது. பூவைச் சுற்றின பித்தளைச் சொம்பிலிருந்து ஒரு இரும்புக் கொக்கி என் தாடையை நோக்கி நீட்டிக்கொண்டு நின்றது. அரிசி கொஞ்சம் வாசலில் சிந்தியது.

சந்தே பார்த்துக்கொண்டிருந்தது. என் வாழ்க்கையில் அவ்வளவு பெரிய கூட்டம் எனக்கு அதற்கு முன்னால் கூடினதில்லை. தோழன் ஒன்றும் நடக்காத மாதிரி அடுத்த பாட்டை எடுத்தான். நான் ஹேண்டிலைத் தாங்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடந்தேன். அங்கே அரிசி போட வந்த அம்மாவுக்கு அதை எந்தப் பக்கமாகப் போடுவது என்று தெரியவில்லை.

மடத்துக்குப் போனதும் தோழனைத் தனியாகக் கூப்பிட்டேன்.

"டேய், ஹேண்டிலைக் குடு."

"நான் எப்படிடா குடுக்க முடியும்? சொம்புல விழுந்ததுல்ல."

"அது கோவத்துல போட்டதுடா. காணிக்கையில்ல."

"கோவத்துல போட்டா சாமி வாங்க மாட்டாருன்னு எங்கயாச்சும் இருக்கா?"

"மெஷினு என்கிட்ட, ஹேண்டில் சாமிகிட்ட. சாமி அதை வச்சு என்னடா பண்ணுவாரு?"

"நீ அதை வச்சு என்ன பண்ணுவன்னு அவருக்குத் தெரியும்," என்றான். ஹேண்டிலைச் சாமி படத்துக்கு முன்னால், அரிசிக் குவியலுக்குப் பக்கத்தில் வைத்தான். யாரோ அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டார்கள்.

கடையில் புது ஹேண்டில் கிடைக்கும். பட்டறையில் சொன்னால் சாயங்காலத்துக்குள் அடித்துக் கொடுப்பார்கள். ஆனால் சந்து முழுக்கப் பார்த்த பிறகு எந்த முகத்தோடு போய் அடிக்கச் சொல்வது? ஜெனரேட்டர் சும்மா கிடந்தது. கரண்ட் போகிறபோதெல்லாம் கீழே கடைக்காரர்கள் என் ஜன்னலைப் பார்த்து, "அண்ணே, சாமி லைன் குடுக்கலண்ணே!" என்று கத்துவார்கள். நான் ஜன்னலுக்குக் கீழே குனிந்து உட்கார்ந்திருப்பேன்.

அந்த நாட்களில் ஒன்றைக் கவனித்தேன். பஃப் அலமாரியிலேயே இருந்தது. அவள் மாடிக்கும் கீழுக்குமாக நடந்தாள். துணி காயப்போட்டாள். ஒருநாள் துவைத்துக்கொண்டே ஏதோ பஜனைப் பாட்டை முணுமுணுத்தாள். அவள் பாடுவாள் என்பதே எனக்கு மறந்து போயிருந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். எனக்கு அவள் முகத்தைப் பார்க்கத்தான் முடியவில்லை.

அதுவும் நீடிக்கவில்லை. கடைக்காரர்கள் எத்தனை நாள் இருட்டில் உட்கார்ந்திருப்பார்கள்? காளவாசலில் என்னைப் போலவே வாடகைக்கு விடுகிற ஒருவரைக் கூப்பிட்டுக்கொண்டு வந்து, சந்து முனையில் அவருடைய ஜெனரேட்டரை நிறுத்திவிட்டார்கள். என்னுடையதைவிடப் பெரியது, என்னுடையதைவிடப் புகை. சாயங்காலமே பஃப் அலமாரியிலிருந்து அவள் இடுப்புக்கு வந்துவிட்டது. காளவாசல்காரர் நல்ல மனுஷர். என்னைப் பார்த்துச் சங்கடமாக, "கூப்டாங்கண்ணே, அதான் வந்தேன். தப்பா நெனைக்காதீங்க," என்றார். தப்பாக நினைக்க எனக்கு ஏது யோக்யதை?

அப்போதுதான் எம்.பி.யின் ஆட்களிடமிருந்து போன் வந்தது. பழங்காநத்தத்தில் ஒரு கல்யாண மண்டபத்து மைதானத்தில் பந்தல் போட்டு எம்.பி. மனு வாங்கப் போகிறார். மைக், ஃபேன் எல்லாவற்றுக்கும் ஜெனரேட்டர் வேண்டும். கட்சிக்காரர்களுக்கு முடியாது என்று சொன்னால் அடுத்த தேர்தல் வரைக்கும் கூப்பிட மாட்டார்கள். எங்கள் கோஷ்டி மனு கொடுக்கப் போவதும் அதே பந்தலில்தான் என்று எனக்குத் தெரியும். தெரிந்தே "சரிண்ணே" என்றேன். காளவாசல்காரரிடம் போய் ஒருநாளைக்கு ஹேண்டில் கடன் கேட்டேன்.

"உங்க ஹேண்டில் என்னாச்சு?"

"சாமிகிட்ட இருக்கு."

"சாமிக்கு எதுக்கு, கல்யாண ஆர்டர் எதும் எடுத்திருக்காரா?"

சிரித்துவிட்டுக் கொடுத்தார்.

இதற்கிடையில் தோழன் ஒரு ஏற்பாடு செய்திருந்தான். மனுவைக் கொடுக்கும்போது மைக்கில் பேசப்போவது அவன் இல்லை, என் மனைவி. "நான் பேசினா சொற்பொழிவு மாதிரி இருக்கும். தங்கச்சி பேசினா நெஜமா இருக்கும்," என்றான். இதுவரைக்கும் மைக்கைத் தொட்டதே இல்லாதவள். அடுப்படியில், மாவு கரைக்கும்போது, தனக்குள் பேசிப் பேசிப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போனால் நிறுத்திவிடுவாள். "எனக்குச் சொல்லேன், திருத்தித் தாரேன்," என்றேன் ஒருநாள். "நீங்க திருத்தினா அது ஜோக் ஆயிரும்," என்றாள்.

அன்றைக்கு அவளிடம், "ஒரு சவுண்ட் சர்வீஸ் வேலை இருக்கு, நேரா பந்தலுக்கு வந்துர்றேன்," என்று சொல்லிவிட்டு முன்னாலேயே கிளம்பினேன். பொய்யில்லை, முழுசாகச் சொல்லவில்லை, அம்புட்டுத்தான். ஜெனரேட்டரின் பக்கவாட்டில் மஞ்சள் பெயின்ட்டில் என் கடைப் பெயர் எழுதியிருக்கும். அதன்மேல் ஒரு சாக்கைப் போர்த்திக் கட்டினேன். பந்தலுக்குப் பின்னால், யார் கண்ணுக்கும் படாத இடத்தில் நிறுத்தி, ஓட்டுகிற பொறுப்பை என் ஆபரேட்டரிடம் விட்டேன். திருமங்கலம் பக்கத்துக் கிராமத்து ஆள், என்னோடு பத்து வருஷமாக இருக்கிறவர்.

"சாக்கு எதுக்குண்ணே? மெஷினுக்குக் குளிருதா?"

"வெயிலு படாம இருக்கும்யா."

"பந்தல் நிழல்ல என்னண்ணே வெயிலு?"

"நீ பேசாம ஓட்டு."

கூட்டம் ஆரம்பித்துக் கொஞ்ச நேரத்தில் எதிர்பார்த்தபடி கரண்ட் போனது. ஆபரேட்டர் ஹேண்டிலைச் சுற்றினார், ஓடியது. மேடையிலிருந்து ஒரு வட்டச் செயலாளர் ஓடி வந்தார். "யோவ், தலைவர் காதுக்குள்ளயே ஓட்டுறீங்களா? ஒரு மனுவும் காதுல விழல. அந்தப் பக்கம் தள்ளுங்கய்யா!" நான் வாய் திறப்பதற்குள் நாலு பேர் சேர்ந்து தள்ளிக்கொண்டு போய் நிறுத்தினார்கள். எங்கே என்றால், மனு கொடுக்கப் பெண்கள் வரிசையில் நிற்கிற இடத்துக்குப் பக்கத்தில்.

கோஷ்டி வந்து வரிசையில் நின்றது. நான் தாளத்தோடு போய் அவர்களுக்கு நடுவில் ஒட்டிக்கொண்டேன். காற்று அவர்கள் பக்கமாக வீசியது. மனைவி முதலில் முந்தானையால் மூக்கை மூடினாள். பிறகு பஃப். பிறகு இன்னொரு தடவை. கண்ணில் நீர் வந்தது. பிறகு தலையை மட்டும் திருப்பி ஜெனரேட்டரைப் பார்த்தாள், சாக்குப் போர்த்தின ஜெனரேட்டரை. சாக்குக்குப் பெயரை மறைக்கத் தெரியும், சத்தத்தை மறைக்கத் தெரியாது. கல்யாணமான நாளிலிருந்து அவள் ஜன்னலுக்குக் கீழே ஓடுகிற சத்தம் அது. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தாள்.

நான் தாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். நிறுத்திவிடலாம் என்று ஒரு எண்ணம். நிறுத்தினால் மைக் போகும், ஃபேன் போகும், தேர்தல் ஆர்டர் போகும் என்று இன்னொரு எண்ணம். இந்த இரண்டுக்கும் நடுவில் வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. அவள் முறை வந்துவிட்டது.

மேடையில் ஏறினாள். மைக்குக்கு முன்னால் நின்றாள். "ஐயா, வணக்கம். நாங்க..." என்று ஆரம்பித்தாள். இருமல் வந்தது. ஸ்பீக்கர் வழியாகப் பந்தல் முழுக்க இருமினாள். மறுபடி "நாங்க..." என்றாள். மறுபடி இருமல்.

அப்போதுதான் எனக்கு வீரம் வந்தது. வர வேண்டிய நேரத்திலெல்லாம் வராமல், வரக்கூடாத நேரத்தில் வந்தது. தாளத்தைப் பக்கத்தில் நின்ற மிருதங்கக்காரர் கையில் திணித்துவிட்டு ஓடினேன். ஓடிப்போய் ஜெனரேட்டரை நிறுத்தினேன்.

புகை நின்றது. ஃபேன் நின்றது. மைக்கும் நின்றது.

அவள் இருமி முடித்து, மூச்சு வாங்கி, பேச ஆரம்பித்திருந்தாள். உதடு அசைவது தெரிந்தது. ஒரு வார்த்தை கேட்கவில்லை. மைக் இல்லாமல் குரலை உயர்த்திப் பேசுகிற மூச்சு அவளிடம் என்றைக்கும் இருந்ததில்லை.

"எவன்டா அது ஆஃப் பண்ணது?" என்று வட்டச் செயலாளர் கத்தினார்.

"ஓனருண்ணே," என்றார் ஆபரேட்டர், நேர்மையாக.

கோஷ்டி முழுக்கத் திரும்பியது. நான் ஓடி வந்த வேகத்தில் கால் பட்டுச் சாக்கு நழுவியிருந்தது. மஞ்சள் பெயின்ட்டில் என் கடைப் பெயர் பளிச்சென்று தெரிந்தது.

"ஸ்டார்ட் பண்ணுயா! தலைவரு வேர்த்துக்கிட்டு உக்காந்திருக்காரு!"

பழக்க தோஷம், கை தானாகப் போய் ஹேண்டிலை எடுத்துவிட்டது. ஹேண்டிலோடு நிமிர்ந்தால் எதிரே தோழன் நிற்கிறான்.

"மாப்ள," என்றான். "இது ஏது?"

அந்த இடத்தில் நான் ஒரு ஜோக் சொல்லியிருக்க வேண்டும். எல்லோரும் அதற்காகத்தான் காத்திருந்த மாதிரி இருந்தது. மிருதங்கக்காரர்கூட, சிரிக்கத் தயாராக, என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்றும் வரவில்லை. "காளவாசல்லருந்து..." என்றேன்.

மேடையிலிருந்து அவள் என்னைப் பார்த்துக் கையை ஆட்டினாள். போடாதே என்று.

எம்.பி. நல்ல மனிதர். நிஜமாகத்தான் சொல்கிறேன். நாற்காலியிலிருந்து முன்னால் குனிந்து, "என்னம்மா? உடம்புக்கு என்ன?" என்று கேட்டார். மைக் இல்லாததால் பந்தலே அமைதியாக இருந்தது; அவர் குரல் நன்றாகக் கேட்டது.

"மூச்சு... விட முடியல சார். அதான்... சட்டம்..."

"இழுப்பா? எங்க அம்மாவுக்கும் இருந்துச்சும்மா. படாத பாடு." பக்கத்தில் இருந்த உதவியாளரிடம் திரும்பினார். "பாவம்யா. பெரியாஸ்பத்திரிக்கு ஒரு லெட்டர் போட்டுக் குடு. நல்லாப் பாக்கச் சொல்லு."

உதவியாளர் அவள் கையிலிருந்து மனுவை வாங்கி, மேலே பென்சிலால் "மருத்துவ உதவி" என்று எழுதி, அதே உதவி கேட்ட மற்ற மனுக்களின் கட்டோடு சேர்த்தார். சந்து சந்தாக, மார்கழிப் பனியில் பாடிப் பாடி வாங்கின அத்தனை கையெழுத்தும் அந்தக் கட்டுக்குள் போனது. தோழன் மேடைக்கு ஓடினான். "சார், இது சட்டம் சம்பந்தமா..." என்று ஆரம்பித்தான். அதற்குள் முதியோர் பென்ஷன் கேட்டு ஒரு பாட்டி வந்து நின்றுவிட்டார். "எல்லாம் பாத்துக்கலாம்ணே, வழி விடுங்க," என்றார் உதவியாளர். யாரோ போட்டோ எடுத்தார்கள்.

அந்த மனுவில் என் பெயர் இல்லை. கடைசியில் போடலாம் என்று இருந்தேன் அல்லவா, கடைசி வந்தும் போய்விட்டது.

அவள் கையில் ஆஸ்பத்திரி லெட்டர் இருந்த கவரோடு இறங்கி வந்தாள். தோழன் என்னோடு பேசவில்லை. அவளிடம், "தங்கச்சி, மறுபடி எழுதுவோம்மா, அடுத்த தடவை நேரா எம்.பி. வீட்டுக்கே போவோம்," என்றான். அவள் தலையாட்டினாள். வட்டச் செயலாளர் இன்னும் கத்திக்கொண்டிருந்தார். நான் ஹேண்டிலை ஆபரேட்டர் கையில் கொடுத்து, "நாங்க ரோட்டுக்குப் போனதும் போடு," என்றேன். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்: நிறுத்திவிடு என்று சொல்லவில்லை, போனதும் போடு என்றுதான் சொன்னேன்.

ரோட்டில் ஒரு ஆட்டோ பிடித்தேன். ஏறி உட்கார்ந்தோம். ஜெய்ஹிந்த்புரம் பாலம் வந்தது. மன்னிப்புக் கேட்கலாமா என்று யோசித்தேன். எதைச் சொல்லிக் கேட்பது? சாக்குப் போட்டதற்கா, ஓட்டினதற்கா, நிறுத்தினதற்கா? எதை எடுத்தாலும் இன்னொன்று மிச்சம் இருந்தது.

அப்போது அவள் பேச ஆரம்பித்தாள். எங்கள் பாஷையில், நேராக ரோட்டைப் பார்த்துக்கொண்டு, மூச்சுக்கு மூச்சு நிறுத்தி. என்னைத் திட்டப் போகிறாள் என்றுதான் நினைத்தேன். "ஐயா" என்ற வார்த்தை வந்ததும் புரிந்தது. அடுப்படியில் பேசிப் பேசிப் பார்த்ததை, மேடையில் பேச முடியாததை, முதல் வரியிலிருந்து சொல்லிக்கொண்டு வந்தாள்.

"ஐயா, வணக்கம். நாங்க பாட்டுப் பாடிப் பிச்சை எடுக்குறவங்க. எனக்கு இழுப்பு இருக்கு, ஆனா நான் எனக்காக வரல. எனக்குப் பஃப் இருக்கு. என் வீட்டுக்காரர் ஜெனரேட்டர் ஓட்டுறவர். அந்தச் சோத்தைத்தான் நானும் சாப்பிடுறேன். நான் ஒருநாள் கோவத்துல அவர் மெஷினை நிறுத்திப் பாத்தேன். அவர் நிறுத்தினார். ஊரு நிறுத்தல. கொஞ்ச நாளுல இன்னொருத்தரைக் கொண்டுவந்து வச்சிட்டாங்க. அவரையும் குத்தம் சொல்ல முடியல. கடைக்காரங்க இருட்டுல எப்படி வியாபாரம் பண்ணுவாங்க? அன்னிக்குத்தான் எனக்குத் தெரிஞ்சது. ஒரு ஆளு நிறுத்தினா அவனுக்கு அவமானம், பட்டினி. எல்லாரும் சேந்து நிறுத்துனா யாருக்கும் அவமானம் இல்ல. எல்லாரையும் ஒரே நாள்ல நிறுத்த வைக்க எங்களால முடியாது. உங்களால முடியும். அதுக்குப் பேருதான் சட்டம்னு சொன்னாங்க. அதான் கேக்க வந்தோம். என் வீட்டுக்காரர் நல்லவர்ங்க ஐயா. அவரைத் தனியா நிறுத்தச் சொல்லிக் கேக்குறதுக்கு எனக்குக் கஷ்டமா இருக்கு..."

பெரியார் பஸ் ஸ்டாண்ட் பக்கம் ஆட்டோ நெரிசலில் நின்றது. பாஷை புரியாத ஆட்டோக்காரர் கண்ணாடி வழியாக என்னை ஒரு பார்வை பார்த்தார். ஒரு பெண் விடாமல் பேசுகிறாள், பக்கத்தில் ஒரு ஆள் குனிந்துகொண்டே உட்கார்ந்திருக்கிறான்.

"என்னண்ணே," என்றார் அனுதாபமாக. "வீட்ல சண்டையா?"

"இல்லப்பா. மனு குடுக்குறாங்க."

"யாருக்குண்ணே?"

பச்சை சிக்னல் விழுந்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தாள். இன்னும் பாதி இருந்தது. நான் கை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், எம்.பி. உட்கார்ந்திருக்க வேண்டிய இடத்தில்.